அழுத்தமும் அதிர்வெண்ணும்

நுழையும்முன்

மின்சாரம் எங்கும் ஒன்றே என எண்ணுகிறோம். ஆனால், அதன் அழுத்தமும் அதிர்வெண்ணும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை அறியாமல் இணைக்கப்படும் இயந்திரம் பழுதாகும். அதை நம்பியிருப்போரின் உழைப்பும் வீணாகும்.

தகடு கூறும் செய்தி

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் எல்லைப்பகுதியில் அமைந்த ஊர், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். கிரானைட் தொழிலும் சிப்காட் தொழிற்பூங்காவும் இதன் அடையாளங்கள். இத்தகைய தொழில் வட்டாரத்தில் கடன்பெற்று வெளிநாட்டு இயந்திரம் வாங்குவோர், அதன்மேல் பதித்த தகட்டை முதலில் படித்தல் வேண்டும். இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

அழுத்தம் மாறினால்

120 வோல்ட்டுக்குரிய மின்னடுப்பை 230 வோல்ட்டில் இணைத்தால், அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது. மின்திறனோ அழுத்தத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், ஏறத்தாழ மூன்றரை மடங்கைத் தாண்டுகிறது, கம்பிச்சுருள் எரிந்துபோகும். அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இக்குறையைத் தீர்க்கும்.

அதிர்வெண் மாறினால்

மின்மாற்றியால் அதிர்வெண்ணை மாற்ற இயலாது. நான்கு முனைகள் கொண்ட மோட்டாரில் காந்தப்புலம் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்திற்கு 1800 முறை சுழலும். 50 ஹெர்ட்ஸில் 1500 முறையே சுழலும். மோட்டாரின் வேகமும் அதற்கேற்பக் குறையும். அழுத்தம் குறையாமல் அதிர்வெண் மட்டும் குறைந்தால், இரும்பு உள்ளகம் காந்தத் தெவிட்டலை அடையும்; மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். குளிர்விக்கும் விசிறியின் வேகமும் குறைவதால், அச்சூடு எளிதில் வெளியேறாது.

எனவே, அழுத்தத்திற்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதத்தைக் காத்தல் வேண்டும். 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 383 வோல்ட் போதும். பழைய வேகமே வேண்டுமெனில், அதிர்வெண் மாற்றி தேவை. அது மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக்கி, மீண்டும் வேண்டிய அதிர்வெண்ணில் மாறுதிசையாக்கித் தரும்.

நாட்டை இணைத்த அறிவியல்

இதே நெறி பர்கூருக்கு அண்மையிலுள்ள கோலாரிலும் செயல்படுகிறது. தென்மாநில மின்தொகுப்பு நெடுங்காலம் பிற தொகுப்புகளோடு ஒத்த அதிர்வில் இயங்கவில்லை. சிறு வேறுபாடு இருந்தாலும் அவற்றை நேரடியாக இணைத்தல் இயலாது. ஆகவே, ஒடிசாவின் தால்சரிலிருந்து மின்சாரம் நேர்த்திசையாகக் கோலார் வந்து, அங்கு மாறுதிசையாக்கப்பட்டது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கியபோது, நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது.

நாட்டின் மின்தொகுப்புக்குப் பொருந்தும் விதி, சிறு பட்டறையின் மோட்டாருக்கும் பொருந்தும். இணைப்பதற்கு முன் ஒப்பிட்டறிதலே இழப்பைத் தடுக்கும்.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானின் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸிலும், மேற்குப் பகுதி 60 ஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. தொடக்கக் காலத்தில் டோக்கியோவிற்கு ஜெர்மனியிலிருந்தும், ஒசாகாவிற்கு அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகள் வாங்கப்பட்டதே இதற்குக் காரணம்.