ஊர்ப் பத்திரிகைக்கு இணையத்தில் ஒரு வீடு

2024இல் எங்கள் அப்பாவின் பத்தாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. கனடாவில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில், "அண்ணே, அப்பா தவறினப்போ நம்ம பேப்பர்ல அரைப் பக்கம் போட்டாங்களே, அதை அனுப்புங்களேன். பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்றான்.

அப்பா தாராவியில் நாற்பது ஆண்டு தோல் தொழில் பார்த்தவர். தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டியவர். அவரைப் பற்றிப் பெரிய நாளிதழ்கள் எழுதவில்லை. மும்பையில் அப்போது வந்துகொண்டிருந்த ஒரு சின்னத் தமிழ் வார இதழ்தான் எழுதியது. அந்தப் பக்கத்தை நான் கத்தரித்து வைத்திருந்தேன். தாராவியிலிருந்து ஐரோலிக்குக் குடிவந்த மழைக்காலத்தில் அது நனைந்து கூழாகிவிட்டது.

அந்த இதழுக்கு இணையதளமும் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தால் ஏதோ சூதாட்ட விளம்பரம்! ஆசிரியரைத் தேடிப் பிடித்து விசாரித்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் இலவசமாகச் செய்து கொடுத்த தளமாம். தளத்தின் முகவரியை அவர் தம் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போயின. முகவரியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். 2020 ஊரடங்கில் இதழும் நின்றுபோனது.

என் மகன் விடவில்லை. பழைய தளங்களைச் சேமித்து வைக்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற இடத்தில் தேடினான். அப்பாவைப் பற்றிய பக்கம் கிடைத்தது. ஆனால் ஓர் எழுத்தும் புரியவில்லை! அச்சுக்குப் பயன்படுத்திய பழைய எழுத்துருவிலேயே தளத்திலும் ஏற்றியிருந்தார்கள். எழுத்துரு மாற்றி ஒன்றின் உதவியால் செய்தியைத் தமிழாக்கினான். படம் மட்டும் திரும்பவில்லை.

இந்த அலைச்சலில் நான் கற்றுக்கொண்டவை, இன்று சிற்றிதழ் நடத்தும் நண்பர்களுக்குப் பயன்படலாம்.

முகவரி பத்திரிகையின் பெயரில் இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். அப்போதுதான் கைப்பேசியில் படிக்கவும், கூகுளில் தேடவும் முடியும். தளம் அமைக்க 'வேர்டுபிரஸ்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முகவரிக்கும் இடவாடகைக்கும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். உண்மையான செலவு, வாரந்தோறும் செய்தி ஏற்றும் ஆளுக்கான சம்பளம்தான்.

அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? கூகுளின் 'ஆட்சென்ஸ்' விளம்பரம் 2018 முதல் தமிழ்த் தளங்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் சில ஆயிரம் பேர் படிக்கும் தளத்துக்கு அது தேநீர்ச் செலவுக்குத்தான் காணும். நம்பக்கூடியது உள்ளூர் விளம்பரமே. மாட்டுங்கா பூக்கடை, செம்பூர் மெஸ், ஐரோலி டியூஷன் வகுப்பு, கண்ணீர் அஞ்சலி, மணமக்கள் தேவை என எல்லாவற்றையும் அச்சுக்கும் தளத்துக்கும் சேர்த்து ஒரே கட்டணத்தில் வாங்கலாம். சென்னையில் 'மயிலாப்பூர் டைம்ஸ்' ஆங்கில வார இதழை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்து வந்தது அந்தப் பகுதிக் கடைகளின் விளம்பரத்தை நம்பித்தானே!

அடுத்தது வாசகர் சந்தா. இருநூறு குடும்பங்கள் மாதம் ஐம்பது ரூபாய் தந்தால் 10,000 ரூபாய். பகுதிநேர ஆள் ஒருவருக்கு அது போதும்.

"நான் டாலரில் நன்கொடை அனுப்புறேன்" என்றான் தம்பி. அவன் கனடாக் குடியுரிமை பெற்றவன். பதிவுபெற்ற பத்திரிகைகள் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை 2010ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே சந்தாவாக, விளம்பரமாக, ரசீதோடுதான் வாங்க வேண்டும். ஆடிட்டரைக் கேட்டுச் செய்வது நல்லது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்தில் 2002இல் கிராமப் பெண்கள் 'கபர் லஹரியா' என்ற சிறு இதழைத் தொடங்கினார்கள். தலித் பெண்கள் பலர் அதன் செய்தியாளர்கள். முதலில் ஒரு தொண்டு நிறுவனம் தோள் கொடுத்தது. பிறகு கைப்பேசியில் படம் பிடித்து இணையத்துக்கே மாறினார்கள். வாசகரிடம் சந்தாவும் கேட்டார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. மற்றவர்கள் எழுதாத சொந்த ஊர்ச் செய்தியை அவர்கள் எழுதினார்கள். அதனால்தான் வாசகர் வந்தனர்.

நம் பிள்ளைகள் மராத்தியும் ஆங்கிலமும் படித்து வளர்கிறார்கள். தாத்தா இந்த ஊரில் என்ன செய்தார் என்று நாளை அவர்கள் தேடினால், கிடைக்க வேண்டாமா? மும்பையில் தமிழ்ச் சிற்றிதழ் ஒன்று உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால், இந்த மாதமே அதன் ஆசிரியரைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: "தளத்தின் முகவரி யார் பெயரில் இருக்கிறது? சந்தா எவ்வளவு?"