துருவேறிய கலப்பையும் மலிவு ஸ்பிரே கன்னும்

ஆயுத பூஜை நெருங்கினால் வெல்டிங் பட்டறைகளில் கம்ப்ரஸர் சத்தம் ஓயாது. கொல்லையில் மழையிலும் வெயிலிலும் கிடந்த ஒன்பது கொத்துக் கலப்பை, தகடு இற்றுப்போன டிரெய்லர், தேய்த்தால் உள்ளங்கையில் சிவப்பு மாவாக ஒட்டிக்கொள்ளும் டிராக்டர் பானட் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். கூலியைக் கேட்டதும், “ஆயிரம் ரூபாய்க்குள்ளே கன் கிடைக்குதாமே, நாமே அடிச்சுட்டா என்ன?” என்று யோசிக்கிறவர்கள் உண்டு. தாராளமாக அடிக்கலாம். மட்டமான கன்னால் கெட்ட வேலையைவிட, தண்ணீர் வடிக்காத கம்ப்ரஸராலும் கழுவாத இரும்பாலும் கெட்ட வேலைதான் அதிகம் என்பது என் கணிப்பு.

கன்னின் விசையைப் பாதி அழுத்தினால் காற்று மட்டும் வரும். முழுதாக அழுத்தினால் ஊசி பின்னுக்கு நகர்ந்து, ஒன்றரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நாசில் துளை திறக்கும். அதைச் சுற்றியுள்ள மெல்லிய வளைய இடைவெளியில் காற்று சீறிப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கப்பிலுள்ள பெயிண்ட் அந்தப் பக்கம் இழுபடுகிறது. வெளியே வரும் பெயிண்ட் இழையை வேகக் காற்று நீட்டி, மெலியவைத்து, அறுத்துவிடுகிறது. அறுந்த துண்டைத் துளியாகத் திரட்டுவது பரப்பு இழுவிசை. அறுபடவே விடாமல் பிடித்துவைக்கப் பார்ப்பது பெயிண்டின் பாகுநிலை. முகப்பிலுள்ள இரண்டு கொம்புகளிலிருந்து வரும் காற்று, இந்தத் துளி மேகத்தை இரண்டு பக்கமும் நெருக்கி விசிறியாக்குகிறது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் டிவில்பிஸ் என்ற மருத்துவர் தொண்டைக்கு மருந்து தெளிக்க 1880களில் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் 1907இல் அதே வழியில் பெயிண்ட் அடிக்கும் கன்னைக் கொண்டுவந்தார். அடிப்படை இன்றும் அதேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெயிண்ட் முழுவதும் 50 மைக்ரான் குறுக்களவுள்ள துளிகளாக உடைந்தால், துளிகளின் எண்ணிக்கை சுமார் 1,500 கோடி. அவற்றின் மொத்தப் பரப்பு 120 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,300 சதுர அடி. டப்பாவில் இருந்தபோது உள்ளங்கையளவு முகத்தை மட்டும் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்த திரவம், கன்னுக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள ஒரு சாண் தூரத்தில் ஒரு வீட்டின் தரையளவுக்கு விரிந்துவிடுகிறது. தின்னர் அவ்வளவு வேகமாக ஆவியாவதும், பட்டறையே மணப்பதும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்வதும் இதனால்தான்.

மலிவு கன்னில் மிச்சம் பிடித்த காசு எங்கே தெரிகிறதென்றால், துளைகளைக் கடைந்த நேர்த்தியில். நாசிலும் காற்று வளையமும் ஒரே மையத்தில் உட்காராது. விசிறி ஒரு பக்கம் தடித்திருக்கும். நுண்துளிகளுக்கு நடுவே பெருந்துளிகளும் விழும். கார் கதவில் இது அப்பட்டமாகக் கண்ணில் படும். கலப்பைச் சட்டத்தில் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

துளி பெரிதாக இருக்கிறதே என்று காற்றழுத்தத்தை ஏற்றுவதுதான் பலரும் செய்கிற காரியம். துளி சிறுத்துவிடும், உண்மைதான். ஆனால் காற்று இரும்பில் மோதி இரண்டு பக்கமும் விலகிப் போகும்போது, எடையில்லாத சிறுதுளியும் காற்றோடு சேர்ந்தே போய்விடும். கொஞ்சம் கனமான துளிதான் நேரே போய் ஒட்டும். கலப்பைக்கு வாங்கிய நீலம் பக்கத்து வேப்பமரத்தில் ஏறுவது இப்படித்தான். எச்.வி.எல்.பி. என்கிற வகைக் கன்களில் முகப்பில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் வைத்திருப்பது இந்த விரயத்தைக் குறைக்கத்தான். அதற்கு ஒரு விலை உண்டு: அழுத்தம் குறைவு, காற்றின் அளவு அதிகம். அந்த வகைக் கன்கள் பலவும் நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்றுக் கேட்கும். 1 குதிரைத்திறன் கம்ப்ரஸர் தருவது சுமார் 4 கன அடி. முதல் அரை நிமிடம் அருமையாக அடிக்கும்; பிறகு துப்ப ஆரம்பிக்கும். பழி கன்மேல் விழும். சின்னக் கம்ப்ரஸர் வைத்திருப்பவர் சின்ன நாசில், குறுகிய விசிறி என்று வைத்துக்கொண்டு, டேங்க் நிறைய இடைவெளி விட்டு அடிப்பதே நல்லது. மெல்லிய நீள ஹோஸில் அழுத்தம் வழியிலேயே தேய்ந்துவிடும் என்பதால் ஹோஸ் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும்.

காற்றோடு தண்ணீரும் வருகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் ஆவியைத்தான் தாங்கும். எட்டுக் கன மீட்டர் காற்றை ஒன்றாக நெருக்கினாலும் டேங்க் அதே சூட்டில் இருந்தால் தாங்கும் அளவு அதே 30 கிராம்தான். மிச்சமெல்லாம் தண்ணீராக அடியில் இறங்கிவிடும். ஈரப்பதம் 80 சதவீதமுள்ள ஒரு நாளில் அந்தச் சின்னக் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் டேங்கில் சேரும் தண்ணீர் 100 மில்லிக்கு மேல். ஆயுத பூஜை வருவதோ மழைக்கால வாசலில். டேங்கின் அடித் திருகைத் திறந்து வடித்துவிட்டு, கன்னுக்கு முன்னால் ஒரு நீர்வடிப்பானும் மாட்ட வேண்டும். தண்ணீரோடு கம்ப்ரஸர் ஆயிலும் வந்தால் தொல்லை இரட்டிப்பு. ஆயில் பட்ட புள்ளியில் பரப்பு இழுவிசை குறைவு. சுற்றியுள்ள பெயிண்ட் அந்த இடத்தைவிட்டு விலகி ஓடிவிடும். வட்டவட்டமாகக் குழி விழும். மேலே இன்னொரு கோட் அடித்தாலும் பெரும்பாலும் குழி குழியாகவே இருக்கும்.

தின்னர் எவ்வளவு? பெயிண்ட் கம்பெனிகள் இதற்கு பி4 கப் என்ற அளவைச் சொல்லும். அடியில் 4 மில்லிமீட்டர் துளையுள்ள கிண்ணம் அது. பெயிண்ட் எத்தனை விநாடியில் ஒழுகித் தீர்கிறது என்பதே கணக்கு. ஸ்பிரேக்கு இனாமல் 20 விநாடிக்குப் பக்கத்தில் வந்தால் சரி. மலிவு கன்னுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கெட்டிப் பெயிண்டை உடைக்கும் திராணி அதற்குக் குறைவு. சித்திரை வெயிலில் நடுப்பகலில் அடித்தால் துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து, இரும்பில் உப்புத்தாளாகப் படியும். ஐப்பசி ஈரத்தில் வேறு கோளாறு: வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர வைக்க, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்து, குறிப்பாக என்.சி. லாக்கரில், வெள்ளையாகப் பூத்துவிடும். என்.சி. தின்னரையே இனாமலுக்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய இனாமல் மேல் அந்தத் தின்னர் பட்டால் அடிப்பூச்சு ஊறிச் சுருங்கிக் கிளம்பும். எதற்கு எது என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. அதைப் படிப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

கையசைவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு அங்குலத் தூரம், முந்தைய பட்டையில் பாதியை மூடி அடுத்த பட்டை, மணிக்கட்டைச் சுழற்றாமல் முழங்கையோடு நகர்வது. தடிமன் மட்டும் கவனம். நின்ற தகட்டில் ஈரப் பூச்சு இரண்டு மடங்கு தடித்தால், கீழே வழியும் அளவு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. இரண்டு மெல்லிய கோட் ஒரு தடித்த கோட்டைவிட நல்லது என்று பெயிண்டர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இது.

இரும்புக்கு வருவோம். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால் பூச்சுக்கு அடியில் துளி துரு மிச்சமிருந்தாலும் உள்ளிருந்தே பெயிண்டைத் தூக்கிவிடும். வயர் பிரஷ் போட்டுத் தேய்ப்பது எல்லோரும் செய்வதுதான். விவசாயக் கருவிகளுக்கென்று ஒரு தனி எதிரி இருக்கிறது, அது உரம். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, உப்புக்கு உறவுக்காரன். உரமூட்டை ஏற்றிய டிரெய்லரிலும் விதைக்கும் கருவியின் உரப்பெட்டியிலும் அது துருக்குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். பூச்சுக்கு அடியில் சிக்கிய உப்பு, பெயிண்ட் வழியாகவே ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் எழுப்பும். உப்புத்தாளால் இது போகாது. முதலில் சோப்புத் தண்ணீரில் கிரீஸ் போகக் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, உடனே வெயிலில் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் புதுத் துரு வந்துவிடும்.

தேய்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு இந்தியாவில் 2016 விதிகளின்படி வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. அந்த விதி இயந்திரங்களுக்கான பெயிண்டைத் தொடவில்லை. பழைய டிராக்டரின் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் சிவப்பிலும் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு நிறைய. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதில் கலந்திருக்கும் டொலுவீன் 4 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அடிப்பவரை யார் காப்பாற்றுவது? முகத்தில் கட்டும் துண்டு பெரிய துளிகளை மட்டும் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. இனாமலுக்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் போதும். ஹார்டனர் கலக்கும் பி.யூ. பெயிண்ட் வேறு ரகம். அதிலுள்ள ஐசோசயனேட் ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுளுக்கும் ஆஸ்துமா. அபாய அளவை மூக்கு முன்கூட்டிச் சொல்லவும் சொல்லாது. தனியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடி இல்லாதவர் அதை வீட்டில் தொடவே வேண்டாம். கன்னில் மிச்சப்படுத்திய ஆயிரங்களை மாஸ்க்கில் போடுங்கள்.

வேலை முடிந்த கையோடு கன்னைத் தின்னரில் கழுவி, நாசில் ஊசியைத் துடைத்து வைக்க வேண்டும். இனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் சாதி. இறுகிவிட்டால் தின்னருக்கும் மசியாது. கலப்பை தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் உள்ளே இறுகப் பல நாள் ஆகும். அதற்குள் சங்கிலி போட்டுத் தூக்கினால் தடம் விழும். கொழுவுக்குப் பெயிண்ட் அடித்து அழகு பார்க்க வேண்டியதில்லை. முதல் நாள் உழவிலேயே மண் அதைத் தேய்த்துத் தின்றுவிடும். கிரீஸோ பழைய ஆயிலோ தடவி வைத்தால் போதும்.