மொட்டை மாடி லைவ்!

ராத்திரி ஒன்பது மணி. கையில் 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' புத்தகம். புத்தகத்துக்கு நடுவில் மொபைல். மொபைலில்... தப்பா நினைக்காதீங்க பாஸ், கழுகு!

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மலைப்பகுதியில் பிக் பேர்னு ஒரு ஏரி. அதன் பக்கத்தில் ஒரு பைன் மரத்தில், 145 அடி உயரத்தில் ஒரு கூடு. அதில் ஜாக்கி, ஷேடோனு ஒரு வெண்தலைக் கழுகு ஜோடி. கூட்டுக்கு மேலேயே கேமரா வெச்சு உலகம் முழுக்க லைவ்! நமக்கு ராத்திரின்னா அவங்களுக்குக் காலை. ஷேடோ ஒரு குச்சியைத் தூக்கிட்டு வந்து இந்தப் பக்கம் வைப்பார். ஜாக்கி அதை இழுத்து அந்தப் பக்கம் வைப்பாங்க. அவர் திரும்ப இந்தப் பக்கம்... நம்ம வீட்ல பீரோ நகர்த்தும்போது நடக்குமே, அதே சண்டை! டிசம்பர் மாச ஸ்டடி ஹாலிடேஸ் எனக்கு இப்படித்தான் ஓடிக்கிட்டிருந்தது.

"எலே, ராவெல்லாம் அதையா பாத்துக்கிட்டு இருக்க? காலையில மாடிக்குப் போய்ப் பாரு. நம்ம வேப்பமரத்துல கருடன் குச்சி சொமக்குது"னு ஒருநாள் ஆச்சி சொன்னாங்க. நம்பலை. ஆனாலும் போனேன்.

எங்க ஊர் மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடிக்குப் பக்கம். கடல், உப்பளம், உடைமரம்... இதுதான் எங்க ஏரியா. கடல் பக்கம்ங்கிறதால கருடனுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, செங்கல் கலர் உடம்பு. செம்பருந்து, கிருஷ்ணப்பருந்து எல்லாம் இவரேதான். கோபுரத்துக்கு மேல வட்டம் போட்டா கன்னத்துல போட்டுக்குவோமே, அதே ஆள். வெண்தலைக் கழுகுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. ஆனா, அமெரிக்க அண்ணாச்சியின் எடை 3 கிலோவில் இருந்து 6 கிலோ வரை. நம்மாளு அரை கிலோ சுமாருக்குத்தான் இருப்பார்!

ஆச்சி சொன்னது நிஜம். மரத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மூணு கிளை பிரியுற இடத்தில் வேலை ஆரம்பிச்சிருந்தது.

ஆணி இல்லை, சிமென்ட் இல்லை!

மறுநாளில் இருந்து நோட்டும் கையுமா உட்கார்ந்துட்டேன். பைனாகுலர், ஃப்ரெண்டோட சித்தப்பாகிட்ட ஓசி. ஒருநாள் காலை ஆறரையில் இருந்து எட்டரைக்குள்ள பதினோரு ட்ரிப். பாதிக் குச்சி கீழே விழுந்திடுது. விழுந்ததை எடுக்க அவங்க வர்றதில்லை. போய்ப் புதுசாத்தான் கொண்டு வர்றாங்க. முதல் நாலு நாள் பார்த்தப்போ, 'இது தேறாது'னுதான் நினைச்சேன். ஐந்தாம் நாள் ஒரு குச்சி இன்னொண்ணுல சிக்கி, அதுல மூணாவது சிக்கி, திடீர்னு கூடு தன் கால்ல நின்னுடுச்சு. எல்லாமே உராய்வு பண்ற வேலைதான். புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்குப் புரியாதது பத்து நிமிஷத்தில் புரிஞ்சது.

ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி. ஆனா வேலையில் ரெண்டு பேருமே பங்காளிகள். குச்சி அடுக்கி முடிச்சதும் நடுவுல குழி மாதிரி செஞ்சு, பச்சை இலையோட இருக்குற கொத்தை ஒடிச்சுட்டு வந்து பரப்பினாங்க. பச்சை இலை போட்டா பூச்சி, உண்ணி அண்டாதுங்கிறது ஆராய்ச்சியாளர்கள் சொல்ற ஒரு காரணம். "அம்மை கண்ட வீட்டுக்கு நாம வேப்பிலை சொருகலையா? அது மாதிரிதான்"னு ஆச்சி ஒரே வரியில் முடிச்சுட்டாங்க.

மூணாவது வாரம் ஒரு புது மெட்டீரியல் வந்தது. நீலக் கலர் வலைத் துண்டு! கடற்கரையில மீன் கழிவு பொறுக்கப் போற இடத்தில் கிடைச்சிருக்கும். வெச்சுட்டுப் பறக்கப் பார்த்தா, கால் நகத்துல நூல் மாட்டிக்கிச்சு. இறக்கையைப் போட்டு அடிக்குது. எனக்கு மூச்சே நின்னுபோச்சு. ரெண்டு நிமிஷத்துல தப்பிச்சிடுச்சு. குஞ்சா இருந்திருந்தா?

அந்த வாரமே ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரோட கரைக்குப் போய் ரெண்டு சாக்கு நிறைய கிழிஞ்ச வலை பொறுக்கினோம். வள்ளத்துல இருந்த அண்ணாச்சி ஒருத்தர், "தம்பி, இது கடலுக்குள்ள போச்சுன்னா யாருக்கும் இல்லாம மீனைப் பிடிச்சுக்கிட்டே கெடக்கும். எங்களுக்கும் நஷ்டந்தான்"னு அவரும் கூட இறங்கிட்டார்.

அரிவாள் வந்தது!

பக்கத்து வீட்டு மாமா மாடி எடுக்கிறார். எங்க மரத்தின் கிளை அவர் சுவருக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கு. ஒருநாள் நான் எக்ஸாம் எழுதிட்டு வர்றதுக்குள்ள கீழ்க்கிளை ஒண்ணு போயிடுச்சு. அடுத்தது கூடு இருக்கிற கிளை!

"மாமா, கூடு கட்டியிருக்கு..."

"தம்பி, கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. ஊர்ல அதுக்கு வேற மரமா இல்ல?"

என்கிட்ட பதில் இல்லை. அவர் கேட்டதும் நியாயமாத்தான் பட்டது. அன்னிக்குச் சாயங்காலம் ஜோடி வரலை. மறுநாளும் வரலை. அந்த ரெண்டு நாளும் உட்கார்ந்து படிச்சேன். எக்ஸாமுக்கு இல்லை, கருடனுக்கு!

செம்பருந்துகள் வருஷா வருஷம் அதே இடத்தைத் தேடித்தான் வரும். நம்ம நாட்டில் டிசம்பர் டு ஏப்ரல்தான் சீஸன். பெரும்பாலும் ரெண்டு முட்டை. அடைகாக்க நாலு வாரம் சுமார். இன்னொரு விஷயம்... 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை'ங்கிற வார்த்தைக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்திலேயே, பறவையின் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துறதும் அடக்கம்!

ஜாக்கி-ஷேடோ வம்சத்துக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. டி.டி.டி. பூச்சிமருந்து மீன் வழியா கழுகு உடம்புக்குள்ள போய், முட்டை ஓடு மெலிஞ்சு, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைஞ்சது. 1963-ல் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்கா முழுக்க மிஞ்சினது 417 ஜோடிதான். 1972-ல் டி.டி.டி.க்குத் தடை. கூடுகளுக்குப் பாதுகாப்பு. 2021-ல் அரசு வெளியிட்ட கணக்குப்படி 71,400 ஜோடி! மனுஷங்க கொஞ்சம் ஒதுங்கி நின்னா, மீதியை அதுங்களே பார்த்துக்கும்.

சட்டம் பேசினா மாமா டென்ஷன் ஆயிடுவார். அதனால ஒரு காலண்டரை எடுத்துட்டுப் போனேன். "ஏப்ரல் முடியட்டும் மாமா. அதுவரைக்கும் மத்த மூணு பக்கமும் சுவர் எழுப்புங்க. இந்தப் பக்கம் கடைசி. மே மாசம் நானே கிளை வெட்ட ஆள் கூட்டிட்டு வர்றேன்." காலண்டரையே பார்த்துக்கிட்டிருந்தார். "கொத்தனார்கிட்ட கேட்டுப் பாக்கேன்"னு மட்டும் சொன்னார்.

மூணாம் நாள் காலை. தூங்கிக்கிட்டிருந்தவனை எழுப்பியது மாமாவோட குரல். "ஏ தம்பி! உன் ஆளுங்க வந்துட்டாங்க!" ஓடிப்போய்ப் பார்த்தா, வாயில் குச்சியோட ஒருத்தர். கூட்டுக்குள்ள இன்னொருத்தர்.

உங்க கேம்பஸ்லயும் இப்படி ஒரு மரம் கண்டிப்பா இருக்கும் மக்களே. தூரமா நின்னு பாருங்க. ட்ரோன் விடாதீங்க, மரத்துல ஏறாதீங்க. கிளை வெட்ட ஆள் வந்தா, வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேலே பார்க்கச் சொல்லுங்க. பொங்கலுக்குப் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் கேம்பஸ் பேர்ட் கவுண்ட்னு வருஷா வருஷம் நடக்குது. நோட்டும் பேனாவும் இருந்தாலே போதும், நீங்களும் கலந்துக்கலாம்.

இப்போ ஜனவரி கடைசி வாரம். அஞ்சு நாளா ஒருத்தர் கூட்டை விட்டு அதிகம் எழுந்திருக்கிறதே இல்லை. இன்னொருத்தர் மீன் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போறார். உள்ளே முட்டை இருக்குன்னு அர்த்தம். மாமா வீட்டு மாடியில் மூணு பக்கச் சுவர் ரெடி. நாலாவது பக்கம் வானம்.

ஜாக்கி-ஷேடோ லைவை ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறாங்க. எங்க வேப்பமரத்து லைவுக்கு மொத்தமே மூணு வியூவர்ஸ்தான். நான், ஆச்சி... அப்புறம் காலையில் காபி டம்ளரோட வந்து, "என்ன தம்பி, பொரிச்சாச்சா?"னு கேட்கிற பக்கத்து வீட்டு மாமா!