மின்சார நீரிறைக்கும் யந்திரத்தை எப்போது சோதித்தல் வேண்டும்?

கிணற்றுக்குக் கிணறு தூக்கிச் செல்லப்படும் மின்சார நீரிறைக்கும் யந்திரம், வீட்டில் ஓரிடத்தில் நிற்கும் மின்விசிறியைப் போன்றதன்று. அது ஈரத்தில் நிற்கின்றது. அதன் கம்பி வரம்பின் மீதும் கல்லின் மீதும் இழுபடுகின்றது. இயக்குபவரோ பெரும்பாலும் வெறுங்காலுடன் சேற்றில் நிற்கின்றார். அந்நிலையில் 230 வோல்ற்று மின்சாரம் உயிரைப் போக்கப் போதியது. ஆகவே, ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தாற் போதுமென்னும் எண்ணம் இதற்குப் பொருந்தாது. பிரித்தானியாவில் தொழிலிடங்களுக்கென 1989 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட மின்சார விதிகளும் இத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று தவணை குறிக்கவில்லை. கருவி எவ்வளவு அலைக்கழிக்கப்படுகின்றது, எத்தகைய இடத்தில் நிற்கின்றது என்பவற்றைக் கொண்டே அதனைத் தீர்மானித்தல் வேண்டும்.

பழுதுகளிற் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிவனவே. நாள்தோறும் இறைப்புத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றிவிட்டு, கம்பியை முழு நீளத்துக்கும் பார்வையிடுக. மேலுறை வெடித்தோ எலி கடித்தோ இருப்பின், அன்று யந்திரத்தை இயக்கலாகாது. வெடிப்பின் மேல் ரேப் சுற்றி ஈரத்தில் விடுவது திருத்தமாகாது; கம்பியை மாற்றுதலே முறை.

மாதத்துக்கு ஒரு முறை ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துக. சுவிச் உடனே விழாவிடின் இறைப்பை நிறுத்தி அதனை மாற்றுவிக்க. விழுந்தாலும் யந்திரம் நன்றென்று கொள்ளற்க; அப்பொத்தான் சுவிச்சை மாத்திரமே சோதிக்கின்றது. எர்த் கம்பி அறுந்திருப்பதை அது காட்டாது.

எல்லாவற்றிலும் முக்கியமான தவணை, மாரி முடிந்து கிணற்றிறைப்புத் தொடங்கும் காலமாகும். யாழ்ப்பாணத்தில் காலபோக நெல் மழையை நம்பி விளைகையில், யந்திரம் கொட்டிலின் மூலையில் மாதக்கணக்கிற் கிடக்கின்றது. ஈரம் மோட்டரினுள்ளே புகுந்து சுருள்களின் காவற்பூச்சைக் கெடுக்கின்றது. இது வெளியே தெரியாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்க அதனைக் கிணற்றடிக்குக் கொண்டு செல்லுமுன், தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடம் காட்டுதல் வேண்டும். அவர் எர்த் தொடர்பைப் பார்த்து, 500 வோல்ற்று மெகர் கருவியாற் காவலின் வலுவையும் அளப்பார். அளவு 1 மெகாஓமுக்குக் குறைந்தால் யந்திரத்தை உலர்த்தி மீண்டும் அளப்பித்தல் வேண்டும். அதன் பின்னும் ஏறாவிடின் சுருளைப் புதிதாகச் சுற்றுவித்தலே வழி. வெள்ளத்தில் மூழ்கிய யந்திரத்துக்குத் தவணை பாராது இச்சோதனையைச் செய்விக்க. சிறுபோகத்திலும் ஓயாது இறைப்பவர்கள் இடையில் இன்னொரு முறை செய்வித்தல் நன்று.

சோதித்த நாளை ஒரு தகட்டில் எழுதி யந்திரத்தின் கைபிடியிற் கட்டிவைக்க. இரவல் போய்த் திரும்பி வரும் யந்திரத்தை, தகட்டில் எந்நாள் இருப்பினும், கம்பியைப் பார்க்காமல் இயக்கலாகாது.