பட்டியும் பொக்கற்றும் யாருக்குச் சொந்தம்?

இடம்பெயர்ந்த குடும்பத்திடம் வீடு இல்லாமற் போகலாம், தோட்டக் காணி இல்லாமற் போகலாம். ஒரு பை மட்டும் எப்போதும் இருக்கும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோதும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும், காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் அந்தப் பைக்குள்ளேதான் இருந்தன. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் சைக்கிள். ஆகவே பை தோளிலோ இடுப்பிலோ தொங்க வேண்டியிருந்தது.

காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்களுக்கும், திரும்பியும் தோட்ட வருமானம் போதாத குடும்பங்களுக்கும் தையல் இயந்திரம் ஒரு கைகொடுக்கும் தொழில். தறப்பாள் துண்டிலும் பழைய சாரத்திலும் தைத்த பைகளில் சில உண்மையிலேயே நல்லவை. ஒரு நீளமான பட்டி. அதை ஆளின் உயரத்துக்கேற்ப நீட்டலாம், குறுக்கலாம். அந்தப் பட்டியில் மூன்று நான்கு சிறு பொக்கற்றுகள். திறப்பு, மூக்குக்கண்ணாடி, கைத்தொலைபேசி, சிறு கத்தி, விதைப்பொதி என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிடம். தோட்டத்திலே குனிந்து வேலை செய்யும்போதும் கை இரண்டும் சும்மா இருக்கும்.

இப்படிப்பட்ட ஒன்றைத் தைத்தவர் மனதில் இரண்டு கேள்விகள் எழும். "இதற்குப் பேற்றன்ற் எடுக்கலாமா?" என்பது ஒன்று. "வேறொருவர் எடுத்துவிட்டால் நான் தைப்பதைத் தடுப்பாரா?" என்பது மற்றது. இவ்விரண்டுக்கும் இக்கட்டுரையில் விடை காண்போம். விடை தெரியாமல் இருந்தால், கையிலுள்ள கொஞ்சப் பணத்தையும் வீணாக்க நேரலாம். அல்லது கைக்கு வந்த உரிமையைத் தவற விடலாம்.

சட்டம் கேட்கும் மூன்று கேள்விகள்

பேற்றன்ற் என்று சொல்லப்படும் ஆக்கவுரிமை, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் தனியுரிமை ஆகும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனை ஒழுங்கு செய்கின்றது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை உரிமை நிலைக்கலாம். அதற்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தி வரவேண்டும். அக்காலத்தில் உரியவரின் அனுமதியின்றி மற்றவர்கள் அப்பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது.

இவ்வளவு பெரிய உரிமையைக் கொடுப்பதற்கு முன் சட்டம் மூன்று கேள்விகளைக் கேட்கின்றது.

முதலாவது, இது புதிதா? எமது ஊரில் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. உலகின் எந்த மூலையிலாவது, எழுத்திலோ பேச்சிலோ பாவனையிலோ முன்னரே வெளிவந்திருந்தால் அது பழையது.

இரண்டாவது, இதிலே கண்டுபிடிப்பாளரின் யோசனை இருக்கின்றதா? அத்தொழிலில் சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவர், முன்னர் இருந்தவற்றைப் பார்த்தவுடன் தாமும் இதைச் செய்திருப்பார் என்றால், அது கண்டுபிடிப்பு ஆகாது.

மூன்றாவது, இதைத் தொழிலாகச் செய்து பயன்படுத்த முடியுமா? பைக்கு இக்கேள்வி தடையாக இராது. முதல் இரண்டிலும்தான் பை மாட்டிக்கொள்ளும்.

பழையவை எவை?

எமது பாட்டன்மார் வெற்றிலையும் சில்லறையும் வைத்து இடுப்பிலே செருகிய கொட்டைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். பனையேறுபவர் கத்தியை வைத்து இடுப்பிலே கட்டும் கூட்டை நினைத்துப் பாருங்கள். தபாற்காரரின் தோள்பை, பள்ளிப் பிள்ளையின் புத்தகப்பை, மின்சார வேலை செய்பவர் இடுப்பில் கட்டும் ஆயுதப்பட்டி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டி பழையது. பட்டியை நீட்டிக் குறுக்கும் வளையம் பழையது. பொக்கற் பழையது. பட்டியிலே பொக்கற்றுகளைக் கோர்த்து இடம் மாற்றுவதும் பழையது.

"ஒவ்வொன்றும் பழையதாக இருக்கட்டும், ஒன்றாகச் சேர்த்தது நான்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். அயல்நாட்டில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல விளக்கம் தருகின்றது. வட இந்தியாவின் மிர்சாப்பூரில் உலோகப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, பாத்திரத்தைக் கடைச்சல் இயந்திரத்தில் பிடித்து வைக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978 டிசம்பரில் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது எனத் தீர்த்தது. பழைய பாகங்களைச் சேர்ப்பதால் மட்டும் உரிமை வராது. சேர்க்கையினால் புதிய பயனோ, முன்னரிலும் குறிப்பிடத்தக்க மேம்பட்ட பயனோ வரவேண்டும். பட்டறையிலே வேலை செய்பவர் வழக்கமாகச் செய்யும் சிறு திருத்தம் போதாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இந்தியத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் எமது சட்டம் கேட்கும் இரண்டாவது கேள்வியும் இதுவே.

ஆகவே தோலுக்குப் பதிலாகத் தறப்பாள், மூன்று பொக்கற்றுக்குப் பதிலாக ஐந்து, கறுப்புக்குப் பதிலாகச் சிவப்பு என்ற மாற்றங்களுக்கு ஆக்கவுரிமையை எதிர்பார்க்க முடியாது. இவை நல்ல தையல். கண்டுபிடிப்பு என்று சட்டம் ஏற்காது.

பொக்கற்றுக்கும் உரிமை கிடைத்ததுண்டு

அப்படியானால் துணியும் பட்டியும் சேர்ந்த பொருளுக்கு உரிமையே கிடையாதா? கிடைத்திருக்கின்றது. இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் றீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். உழைப்பாளிகளின் காற்சட்டைப் பொக்கற் மூலைகள் அடிக்கடி கிழிந்தன. அவரிடம் குதிரைப் போர்வைக்கு வார் பொருத்தும் செப்புத் தறையாணிகள் இருந்தன. அவற்றைப் பொக்கற் மூலையில் அடித்தார்; பொக்கற் கிழியவில்லை. 1872இல், துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, உரிமை பெறும் செலவைத் தாங்கினால் பங்கு தருவதாகக் கூறினார். 1873 மே 20ஆம் திகதி உரிமை கிடைத்தது. பொக்கற் பழையது, ஆணி பழையது. கிழிகின்ற மூலையைத் தாங்குவதற்கு ஆணியை அங்கே வைத்ததே புதிது. உரிமைக் காலம் முடிந்தபின் எல்லாரும் அவ்வாறு செய்தனர். இன்று சந்தையில் வாங்கும் டெனிம் காற்சட்டையிலும் அந்த ஆணி இருக்கின்றது.

மற்றது, ஆன் மூர் என்ற அமெரிக்கத் தாதியின் கதை. 1960களில் மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றிய அவர், தாய்மார் குழந்தையைத் துணியால் முதுகிலே கட்டிக்கொண்டு வேலை செய்வதைக் கண்டார். ஊர் திரும்பியபின், தன் தாயாரின் உதவியோடு, தோளிலே மாட்டி நீட்டிக் குறுக்கக்கூடிய பட்டிகள் கொண்ட குழந்தைப் பையை உருவாக்கி 1969இல் ஆக்கவுரிமை பெற்றார். குழந்தையைத் துணியால் கட்டிச் சுமப்பது தாய்மார் காலங்காலமாகச் செய்வது. அது அவரது உரிமைக்குள் வரவில்லை, வரவும் முடியாது. அவர் அமைத்த அந்தக் குறிப்பிட்ட பைக்கே உரிமை கிடைத்தது.

உங்கள் பையை எப்படிச் சோதிப்பது?

ஒரு கொப்பியை எடுத்து மூன்று விடயங்களை எழுதுங்கள். பழைய பைகளில் இருந்த கஷ்டம் என்ன? நான் செய்த எந்த மாற்றம் அக்கஷ்டத்தைத் தீர்த்தது? அந்த மாற்றத்தை வேறொரு தையற்காரர் உடனே செய்திருப்பாரா?

உதாரணமாக, வெங்காயத் தோட்டத்திலே குனியும்போது தோள்பை முன்னே சரிந்து பொருட்கள் கொட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடுப்பைச் சுற்றி இன்னொரு பட்டி தைத்தால் சரிவு நிற்கும். ஆனால் எந்தத் தையற்காரரும் அதைத்தான் செய்வார். அதற்கு மாறாக, குனியும்போது பையின் பாரமே பட்டியை இழுத்துப் பொக்கற்றின் வாயை மூடிவிடவும், நிமிர்ந்ததும் வாய் தானாகத் திறக்கவும் ஓர் இணைப்பை நீங்கள் அமைத்தீர்களா? உலகில் எவரும் அப்படிச் செய்யவில்லை என்றால், அங்கேதான் ஆக்கவுரிமைக்கு வழி இருக்கின்றது. விண்ணப்பத்தில் உரிமை கோரவேண்டியதும் முழுப் பையை அல்ல; எந்தப் பாகம் எதனோடு எவ்வாறு இணைந்து வேலை செய்கின்றது என்பதையே கோரவேண்டும்.

அவ்வாறு ஒன்று இருந்தால், கண்காட்சியிலோ சந்தையிலோ காட்டுவதற்கு முன் ஆலோசனை பெறுங்கள். விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் விண்ணப்பிப்பவரே வெளியிட்டிருந்தால் எமது சட்டம் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பிய ஆக்கவுரிமைக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை. ஒரே கண்டுபிடிப்பை இருவர் தனித்தனியே செய்திருந்தால், முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. கண்டுபிடித்தவரின் பெயர் பத்திரத்தில் குறிப்பிடப்பட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். யோசனை வீட்டுப் பெண்ணுடையதாக இருந்தால் அவருடைய பெயரே அங்கே வரவேண்டும். சம்பளத்துக்குத் தைப்பவர், வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்தால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து உரிமை முதலாளிக்குப் போகலாம்.

செலவும் பயனும்

விண்ணப்பக் கட்டணம், பழையவற்றைத் தேடிப்பார்க்கும் அறிக்கைக்கான செலவு, எழுதித் தருபவரின் கூலி, ஆண்டுக் கட்டணம் என்று செலவு தொடரும். இலங்கையில் பெற்ற உரிமை இலங்கைக்குள் மட்டுமே செல்லும். கனடாவிலோ ஜேர்மனியிலோ உள்ள உறவினர் விற்பதற்கு அங்கே தனியாக உரிமை பெறவேண்டும். எவராவது களவாகத் தைத்தால் அவரைக் கண்டுபிடித்து வழக்குத் தொடுப்பதும் உரிமையாளரின் பொறுப்பே. சந்தையில் வாரம் பத்துப் பை விற்கும் குடும்பம் இதைக் கணக்குப் பார்க்கவேண்டும்.

வேறு வழிகளும் உண்டு. பையின் தோற்றம் புதிதாக இருந்தால், அதைக் கைத்தொழில் வடிவமாகப் பதியலாம். முதலில் 5 ஆண்டுகள். இரண்டு தடவை புதுப்பித்தால் மொத்தம் 15 ஆண்டுகள். இது தோற்றத்தை மட்டும் காக்கும். பை வேலை செய்யும் முறையைக் காக்காது. பல குடும்பங்கள் சேர்ந்து தைத்தால், தமக்கென ஒரு பெயரையும் அடையாளத்தையும் வியாபாரக் குறியாகவோ கூட்டுக் குறியாகவோ பதியலாம். வியாபாரக் குறி 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு எவ்வளவு காலமும் நிலைக்கும். எங்கள் எண்ணத்தில், அநேகமான தையற் குழுக்களுக்குப் பொருத்தமானது இதுவே. பையை எவரும் தைக்கலாம். உங்கள் நல்ல பெயரைப் போட்டு விற்க எவராலும் முடியாது.

எம்மை எவர் தடுக்கலாம்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். "இந்தப் பைக்கு என்னிடம் பேற்றன்ற் இருக்கிறது, தைப்பதை நிறுத்து" என்று எவராவது சொன்னால் உடனே இயந்திரத்தை மூடிவிடாதீர்கள். உரிமைப் பத்திரத்தின் இலக்கத்தைக் கேளுங்கள். அது இலங்கையில் பெற்றதா, இன்னும் செல்லுபடியாகின்றதா, எதற்கு உரிமை கோருகின்றது என்று பாருங்கள். நீட்டிக் குறுக்கும் பட்டியும் பொக்கற்றும் பொதுச்சொத்து. கோரப்பட்ட அந்தக் குறிப்பிட்ட இணைப்பை நீங்கள் பாவிக்காவிட்டால் உங்களைத் தடுக்க வழியில்லை.

தவறாகக் கொடுக்கப்பட்ட உரிமையும் ஆதாரத்தின் முன் நிற்காது. மஞ்சளைக் காயத்துக்குப் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை கொடுக்கப்பட்டது. எமது அம்மாமார் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டி எதிர்த்தது. 1997இல் அவ்வுரிமை இரத்துச் செய்யப்பட்டது. அம்மாமாருக்குத் தெரிந்திருந்தது உண்மைதான். அங்கே வென்று தந்தது எழுத்திலே இருந்த ஆதாரம். ஆகவே நீங்கள் தைக்கும் பையின் படத்தையும், விற்ற திகதியையும், பற்றுச்சீட்டையும் ஒரு கோவையிலே போட்டு வையுங்கள். காணி உறுதியைக் காத்தது போலவே இதையும் காத்துக்கொள்ளுங்கள்.

பதிந்து தருகிறேன் என்று சொல்லி முற்பணம் கேட்பவரிடமும், வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்கு ஓர் எழுத்தும் கையொப்பமும் போதும். விண்ணப்பத்தைக் கையேற்பது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கண்டுபிடிப்பாளருக்கு ஊக்கமும் ஆலோசனையும் தருவதற்கு இலங்கைக் கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு இருக்கின்றது. கட்டணம் எவ்வளவு என்பதை அலுவலகத்திலேயே நேரில் கேட்டறிந்து, அதன்பின் முடிவெடுங்கள்.

அதுவரை கொப்பியில் அந்த மூன்று விடைகளையும் எழுதி வையுங்கள். புதிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் மனம் சோர வேண்டியதில்லை. எவரிடமும் அனுமதி கேளாமல் நாளைக் காலையே தைத்து விற்கலாம் என்பதுதான் அதன் பொருள்.