நிழல் குட்டையானால் தலையை மூடுங்கள்



ஏப்ரல் 23ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் கீழ்பென்னாத்தூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் 12 மணி தாண்டிப் பத்து நிமிடமளவில், நட்டுவைத்த கம்பத்துக்குக்கூட நிழல் இராது. ஆகஸ்டு 20ஐ ஒட்டி மறுபடியும் இப்படி நேரிடும். அந்த வேளையிலும் மணிலாக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் நம் மக்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உதவ நம் கைபேசியைப் பயன்படுத்த முடியுமா என்பதைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

வெயிலில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று நாம் உணரும் வெப்பம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். மேகமூட்டமான நாளில் சூடு குறைந்தாலும் இக்கதிர் ஓரளவு வரத்தான் செய்யும். இதை அளக்கும் குறியீடு 3ஐ எட்டினாலே பாதுகாப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 11ஐத் தொட்டால் அது மிகக் கடுமையான நிலை. நம் பகுதியில் கோடைகாலத்தின் தெளிந்த நண்பகலில் இந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது.

"நம் கறுப்புத் தோலுக்கு வெயில் என்ன செய்யும்?" என்று பலர் கேட்கிறார்கள். இது பாதி உண்மை. தோலிலுள்ள கருநிறப் பொருள் ஓரளவு நம்மைக் காக்கிறது. வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கண்ணில் சதை வளர்வதற்கும் கண்புரைக்கும் இக்கதிர் ஒரு காரணம். முகத்தில் மங்கு படர்வதும் இதனால் அதிகமாகிறது. பிறவியிலேயே தோல் வெளுத்தவர்களுக்கோ ஆபத்து மிகப் பெரியது. டாக்ஸிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் தோல் எளிதில் கன்றிப்போகும். இத்தகையோர் மருத்துவரைக் கேட்டு வெயில் களிம்பு பூசுவது நல்லது. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

வெப்பம் செய்யும் தீங்கு இன்னும் பெரியது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்காக நேரிடுவதாகக் கண்டார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

ஒரு சிறு செய்தியால் பழக்கத்தை மாற்ற முடியுமா? இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் 1981இல் ஒரு கடற்பறவைச் சித்திரத்தை வைத்து, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று மூன்றே சொற்களில் தொலைக்காட்சியில் பாடினார்கள். பல்லாண்டுகள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னதால் அது குழந்தைகளுக்கும் மனப்பாடமானது. நம் நாட்டில் அகமதாபாத் நகரத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்நகரம் 2013இல் ஒரு திட்டம் வகுத்தது. வானிலை எச்சரிக்கை வந்தவுடன் குறுஞ்செய்தியாகவும், பின்னர் வாட்ஸ்அப் மூலமாகவும் தகவல் அனுப்பப்பட்டது. மருத்துவமனைகளும் ஆயத்தமாயின. இத்திட்டத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அதே கைபேசி உயிரை எடுக்கவும் கூடும். 2018 மே மாதத்தில் நம் மாவட்டத்திலேயே, போளூருக்கு அருகில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான பெண் ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று எண்ணி ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. அந்தப் பயத்தை வளர்த்தது வாட்ஸ்அப் வதந்தி. வேறு ஊர்களிலும் இப்படி நடந்தபின், அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் பகிர்ந்தனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. வெயிலைப் பற்றியும் பொய்கள் உலவுகின்றன. வெங்காயத்தைச் சட்டைப்பையில் வைத்தால் வெப்பத்தாக்கு வராது என்பது அவற்றில் ஒன்று. மங்கு மறையும் என்று விளம்பரமாகும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து கெட்டுப்போகும்.

ஆகவே அனுப்புமுன் நான்கு கேள்விகள் கேட்போம். இதைச் சொன்னது யார்? இது எந்த நாளுக்குரியது? கேட்பவர் செலவின்றிச் செய்யக்கூடியதா? வேலைக்குப் போகுமுன் அவரிடம் போய்ச் சேருமா? நான்காவது கேள்வியே முக்கியமானது. களையெடுக்கும் அம்மாவிடம் பெரும்பாலும் கைபேசி இருப்பதில்லை. அது மகனுடைய பையில் இருக்கிறது. எனவே காலை 6 மணிக்கு அனுப்பி, வீட்டிலுள்ளவர் வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றைய எச்சரிக்கையைச் சென்னை வானிலை மையத்திலிருந்தோ, அரசின் டி.என். அலர்ட் செயலியிலிருந்தோ எடுத்துச் சேர்க்கலாம்.

செய்தியும் நம் ஊருக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். வியர்வையும் புழுதியுமாக வேலை செய்பவரிடம் இரண்டு மணிக்கொருமுறை விலையுயர்ந்த களிம்பு பூசச் சொல்லிப் பயனில்லை. நம் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டுகிறார்களே, அதுவே சிறந்த பாதுகாப்பு. கீழ்க்கண்டவாறு அனுப்பலாம்:

"உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டதா? முழுக்கைச் சட்டை போட்டுத் தலையை மூடுங்கள். நிழல் காலடிக்கு வந்துவிட்டதா? மரத்தடிக்குப் போங்கள். தாகம் எடுக்குமுன் தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள். கர்ப்பிணிகள் நண்பகலில் வெயிலில் நிற்க வேண்டாம். ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, 108ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்."

கோடையில் காலை 9 மணி சுமாருக்கே நிழல் நம் உயரத்தைவிடக் குறைந்துவிடும். நிழலை அளக்கக் கடிகாரமும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். செய்தி காதில் விழுந்தபின் கொல்லையில் அது தானாக நினைவுக்கு வரும்.

ஆனால் கூலியை இழந்து நிழலுக்குப் போக யாராலும் முடியாது. உங்களில் நிலம் உள்ளவர்களும், சூளையோ கட்டட வேலையோ நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். விடியற்காலையில் வேலையைத் தொடங்கி 11 மணிக்குள் முடித்து, முழுக்கூலியும் கொடுங்கள். ஒவ்வொரு சபையிலும் ஒருவர், மார்ச் முதல் ஜூன் வரை இச்செய்தியைத் தினமும் அனுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.