கூட்டத்தின் இயல்பும் நோயின் வழியும்: ஹஜ் தரும் சான்றுகள்

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வை 1377ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். அரசுகள் முதிர்ந்து தளரும் காலத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் ஏன் பெருகுகின்றன என்பதை அதில் ஓரிடத்தில் ஆராய்கிறார். மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் காற்று கெடுகிறது. கெட்ட காற்று நுரையீரலைத் தாக்குகிறது. ஆகவே குடியிருப்புகளுக்கிடையே திறந்தவெளி விடப்படவேண்டும் என்பது அவரது முடிவு. கிழக்கில் கெய்ரோவையும் மேற்கில் ஃபாஸ் நகரையும் சான்று காட்டுகிறார். 1348-49இல் துனிஸைத் தாக்கிய கொள்ளைநோயில் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்தவர் அவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கெட்ட காற்றே கொள்ளைநோயின் மூலம் என்ற கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும் நோயின் காரணத்தைத் தேடப் புகுந்தவர், மக்கள் எத்தனை பேர், எவ்வளவு நெருக்கமாக, எவ்விதம் வாழ்கின்றனர் என்று நோக்கினாரே, அந்த நோக்கு பழுதாகவில்லை. வயது, நெருக்கம், இடப்பெயர்வு, ஏற்கெனவே உள்ள நோய்கள், தடுப்பாற்றல், பொருள் வசதி ஆகியவற்றை மக்கள்தொகைப் பண்புகள் என்பர். ஒரே கிருமி, ஒரே வெயில், இப்பண்புகள் மாறுமிடத்து வெவ்வேறு விளைவைத் தரும். இதனை அறிய ஹஜ்ஜை விடத் தெளிவான களம் உலகில் அரிது. ஆண்டுதோறும் ஒரு பெருநகரத்து மக்கள்தொகை அங்கே புதிதாக உருவாகிறது. சில நாள்களில் கலைந்து, உலகின் எல்லாத் திசைகளுக்கும் திரும்புகிறது. 2024இல் அவ்வாறு கூடியவர்கள் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

முதலில் இடப்பெயர்வைக் காண்போம். ஒட்டகக் கூட்டங்களிலும் பாய்க்கப்பல்களிலும் பயணம் மாதக்கணக்கில் நீண்ட காலத்தில், காலரா கண்டவர் பெரும்பாலும் வழியிலேயே இறந்தார் அல்லது குணமடைந்தார். நீராவிக் கப்பல் இக்கணக்கை மாற்றியது. 1865இல் ஏறத்தாழ 90,000 ஹாஜிகளில் 15,000 பேர் காலராவால் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. உயிர் தப்பியோர் கப்பலில் சூயஸை அடைந்து, அங்கிருந்து இரயிலில் அலெக்சாண்டிரியா சேர்ந்தனர். நோயும் உடன் சேர்ந்தது. சில வாரங்களில் அது மத்தியதரைக் கடலின் துறைமுகங்களை எட்டியது. மறு ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடிற்று. பின்னர், 1882இல், செங்கடலின் கமரான் தீவில் உதுமானிய அரசு தனிமைப்படுத்தும் நிலையத்தை அமைத்தது. இந்தியக் கடல்வழி சென்ற நம் முன்னோர்கள் அத்தீவில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

நோய் இந்தியாவிலிருந்து வந்தது என்று அம்மாநாடு முடிவு செய்தது; அதில் உண்மை இருந்தது. ஆனால் காலப்போக்கில் ‘இந்திய ஏழை ஹாஜி’ என்ற சொல்லே நோயின் மறுபெயர் போல ஐரோப்பிய ஏடுகளில் புழங்கலாயிற்று. ஒரு கூட்டத்தின் இயல்பை அறிவது அதனைக் காப்பதற்கு, பழிப்பதற்கன்று. இவ்வெல்லையை மறப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர்.

மூளையுறை அழற்சி எனும் மெனிஞ்சைட்டிஸ் இதனினும் நுட்பமான பாடம். இதன் கிருமி நலமாக உள்ள பலரின் தொண்டையில் யாதொரு தீங்கும் செய்யாமல் தங்கியிருக்கும். தாங்கி நிற்பவர் நோயாளி அல்லர். தாம் சுமப்பதை அவர் அறியவும் மாட்டார். ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் நாடுகளில் இந்நோய் அடிக்கடி பெருகும். அங்கிருந்து வருவோரும், அதனை அறியாத நிலத்தவரும் மினாவில் ஒரே கூடாரத்தில் உறங்குகின்றனர். 1987இல் ‘ஏ’ வகைக் கிருமியால் ஹாஜிகளிடையே நோய் மூண்டது. அதன்பின் ‘ஏ’, ‘சி’ வகைகளுக்கான தடுப்பூசி கட்டாயமாயிற்று. 2000ஆம் ஆண்டில் அத்தடுப்பூசிக்கு அகப்படாத ‘டபிள்யூ-135’ வகை தலையெடுத்தது. பல நாடுகளில் நானூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

அவர்களில் ஒரு பகுதியினர் ஹஜ்ஜுக்குச் செல்லாதவர்கள் என்பதே இங்கு உற்று நோக்கவேண்டியது. ஹாஜியை வரவேற்று முஸாஃபஹா செய்தவர்களும், அவர் மடியில் ஏறி அமர்ந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அக்காலத் தடுப்பூசி போட்டவரைக் காத்தது. தொண்டையில் தங்கிய கிருமியை அகற்றவில்லை. இன்று நான்கு வகைகளுக்குமான தடுப்பூசி கட்டாயமாக உள்ளது. ஹஜ்ஜுக்கு இந்த ஒழுங்கு நன்கு நடைபெறுகிறது, உம்ராவில்தான் தளர்ச்சி. 2024 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளில் இந்நோய் கண்ட 12 பேரும் உம்ரா சென்று வந்தோர் அல்லது அவர்களோடு பழகியோர். தடுப்பூசி விவரம் தெரிந்தவர்களில் ஒருவரும் அதனைப் போட்டிருக்கவில்லை. ‘உம்ராதானே, பத்து நாள்தானே’ என்று நம் ஊர்களிலும் சொல்லக் கேட்கிறோம்.

நெருக்கம் ஒன்றே நோயை உண்டாக்கிவிடும் என்றும் கொள்ளலாகாது. 2012இல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஹஜ்ஜில் பேரழிவை விளைவிக்கும் என்று பலர் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. அது மருத்துவமனைகளில் நோயாளிகளிடையே எளிதில் பரவியதே அன்றி, வெளியில் மனிதரிலிருந்து மனிதருக்கு எளிதில் தாவவில்லை.

இனி, வயது. பொருள் சேர்ந்து, மக்களுக்கு மணமுடித்து, கடன் தீர்த்தபின் ஹஜ் என்பது நம் பகுதிகளின் பழக்கம். இதனோடு 1988இல் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு வகுத்த ஒதுக்கீடும் சேர்ந்தது: பத்து லட்சம் முஸ்லிம்களுக்கு ஆயிரம் பேர். இந்தோனேசியாவின் பல பகுதிகளில் பதிவு செய்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார். நாற்பதில் பதிந்தவர் அறுபதில் புறப்படுகிறார். கோவிட் காலத்து வயது வரம்பு நீங்கிய 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு ஹாஜிகள் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதியோர் மிகுந்து சென்ற ஆண்டு அது.

முதுமையோடு நீரிழிவும் உடன் வருகிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வொன்று இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாகக் கணித்தது. நாள்பட்ட நீரிழிவில் பாதங்களின் உணர்ச்சி மங்கும். மதாஃபின் வெண்பளிங்கு வெயிலிலும் குளிர்ந்திருக்கும். வெளியே உள்ள பாதை அவ்வாறன்று. செருப்பைத் தவறவிட்டு வெறுங்காலோடு நடந்த நோயாளிக்குச் சூடு தெரிவதில்லை; விடுதிக்கு வந்தபின் கொப்புளங்களைக் கண்டே அறிகிறார்.

2024 ஜூனில் ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அவர்களுக்கில்லை. வெயிலில் நெடுந்தொலைவு நடந்தார்கள். ஆக, அனுமதிச் சீட்டும் ஒரு மக்கள்தொகைப் பண்பாகிறது. சட்டத்தை மீறினார்கள் என்று கூறி இதனை முடித்துவிடல் எளிது. முறையான பயணத்தின் செலவு அவர்களில் பலருக்கு எட்டாதது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

ஃபிகஹ் நூல்கள் ‘இஸ்திதாஅத்’ என்பதில் பொருளோடு உடல்நலத்தையும் வழியின் பாதுகாப்பையும் சேர்த்தே பேசுகின்றன. வாகனத்தில் நிலைத்து அமர இயலாத முதிய தந்தையைப் பற்றி கஸ்அம் குலத்துப் பெண்மணி வினவியபோது, அவருக்காக அவளே ஹஜ் செய்யலாம் என நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். பதலி ஹஜ்ஜின் அடிப்படை இதுவே. இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடலாகாது என்பதால் குடையையும் தவிர்ப்போர் உளர். கல்லெறியும் வேளையில் நபியவர்களுக்குத் துணியை உயர்த்தி நிழல் செய்யப்பட்டதை ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பில் காண்கிறோம். தலையில் படாத நிழல் தடையன்று.

இந்திய ஹஜ் கமிட்டி முதியோருக்கு அளிக்கும் முன்னுரிமையின் வயது, 2025ஆம் ஆண்டுக்கான கொள்கையில் 70இலிருந்து 65ஆகக் குறைக்கப்பட்டது. காத்திருந்த முதியவருக்கு இது நீதியே. அதே வேளையில் நம் குழுவின் சராசரி வயது இதனால் உயரும். விண்ணப்பத்தோடு தரப்படும் மருத்துவச் சான்றிதழை நிரப்பும் மருத்துவர் அம்முதியவரை ஒரு மணி நேரம் நடக்கவைத்துப் பார்த்தாரா, பாதத்தைத் தொட்டுப் பார்த்தாரா என்பதை அவருடைய பிள்ளைகள் கேட்டறியவேண்டும்.